ஒன்பதாம் இலக்கச் சட்டை

என் தம்பி ஏழு வருடங்களாகப் பந்தயக் கடைப் பக்கம் போகாமல் இருந்தவன். அவனைத் திரும்பவும் அங்கே அனுப்பியது நான். எவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுடைய பழைய வியாதி குதிரை. கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டிலிருந்து பஸ் தரிப்புக்குப் போகிற வழியிலேயே ஒரு புக்கி இருக்கிறது. கொழும்பில் பந்தயம் பிடிக்கும் கடைக்கு அதுதான் பெயர். வெளியே கறுப்புக் கண்ணாடி, உள்ளே சுவர் நிறையத் தொலைக்காட்சிகள். எங்கோ இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைகளின் மேல் சம்பளத்தைக் கட்டிவிட்டு அவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அவன் மனைவி, என் மச்சாள், ஒருநாள் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு மன்னாரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள் எட்டு மாதம் திரும்பவில்லை. அதன் பிறகுதான் அவன் நிறுத்தினான். எப்படி நிறுத்தினான் என்று நான் கேட்டதில்லை. நிறுத்திவிட்டான் என்பதே போதுமானதாக இருந்தது.

நான் வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. வேலை புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் மூன்று பேர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களாக உட்கார்ந்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு என்று எது வந்தாலும் அதைத் தமிழிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மாற்றி, கீழே முத்திரை குத்திக் கொடுப்பது. உதைபந்தாட்டத்துக்கும் எனக்கும் ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

என் மகள் இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சிறிய நகரத்தில் தாதியாக வேலை செய்கிறாள். ஒரு மார்கழியில் ஐஸில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நான்கு மாதம் அவளோடு இருந்தேன். அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே அந்த ஊர் அணியின் மைதானம். மேல்மாடிச் சன்னலில் நின்றால் மைதானத்தில் சரிபாதி தெரியும். ஒரு கோல் கம்பம்தான் தெரியும். மற்றக் கம்பத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். மகள் மாத்திரை போட்டுத் தூங்கும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் அந்தச் சன்னலில் நின்று தேத்தண்ணீர் குடித்தபடி பார்ப்பேன். நான்காம் பிரிவில் விளையாடுகிற அணி. அதற்குக் கீழே போனால் யாரும் கணக்கெடுக்க மாட்டார்களாம். மூவாயிரம் பேர் மழையில் நின்று அவர்களைத் திட்டுவார்கள், பிறகு அடுத்த கிழமையும் வந்து நிற்பார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் அந்த அணியின் உடைகளைத் தோய்க்கிறவள். என் வயதுதான், அவளுக்கும் கணவர் இல்லை. மதிலுக்கு மேலால் கதைக்கத் தொடங்கி, பிறகு நான் அவளோடு மைதானத்துக்குப் போய்க் காலுறைகளைச் சோடி சேர்த்து மடித்துக் கொடுக்கிற அளவுக்குச் சிநேகமானோம். பார்வையாளர் கொட்டகைக்குக் கீழே ஓர் அறையில் இரண்டு பெரிய இயந்திரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். அவளுக்கு ஒவ்வொரு விளையாட்டுக்காரனையும் அவன் உடுப்பால் தெரியும். ஒன்பதாம் இலக்கச் சட்டைக்காரன்தான் அதிகம் கோல் போடுகிறவன். அவன் காற்சட்டையில் தைல வாசனை அடித்தால் அவன் தொடை இன்னும் ஆறவில்லை என்று சொல்லுவாள். என்னை "லவ்" என்று கூப்பிடுவாள். அங்கே பஸ் சாரதியும் அப்படித்தான் கூப்பிடுவான் என்றாலும், அவள் கூப்பிடும்போது எனக்குப் பிடித்திருந்தது.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கைபேசியில் குரல் செய்தி அனுப்புவாள். பின்னணியில் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்கும். யார் நொண்டுகிறான், யாருக்குக் காய்ச்சல், பயிற்சியாளர் யாரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று எல்லாம் சொல்லுவாள். சனிக்கிழமைகளில் அந்த ஊர் வானொலியின் நேரடி வர்ணனையைக் கைபேசியில் கேட்பேன். அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் இங்கே ஏழரை. ஐப்பசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு எட்டரை. தனியாக இருக்கிற வீட்டில் அந்த இரண்டு மணித்தியாலமும் ஆட்கள் இருக்கிற மாதிரி இருந்தது.

தம்பி ஒருகொடவத்தையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எழுதுவினைஞன். சனிக்கிழமைகளில் மச்சாள் தேவாலயத்தில் பாடகர் குழுவோடு இருப்பதால், அவன் வேலை முடிந்து மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு என்னிடம் வருவான். நான் வர்ணனை கேட்கும்போது அவனும் உட்கார்ந்திருப்பான். முதலில் அது அவனுக்கு ஒரு பகிடி.

"அக்கா, உங்கட ஆக்கள் இண்டைக்கும் தோத்துப்போச்சினமோ?"

"வாயை மூடு. இன்னும் இருவது நிமிஷம் கிடக்கு."

அப்படித்தான் இருந்தது. அது அப்படியே இருந்திருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை என் சிநேகிதி அனுப்பிய செய்தியில், கோல்கீப்பர் படியில் வழுக்கி விழுந்து விரல் வீங்கியிருக்கிறது, ஆனால் இரண்டாவது கோல்கீப்பருக்கும் சுகமில்லாததால் இவனைத்தான் இறக்கப் போகிறார்கள், வெளியே யாருக்கும் சொல்லவில்லை என்று சொன்னாள். அடுத்த நாள் தம்பி வந்தபோது நான் அதைச் சும்மா ஊர்க்கதை மாதிரிச் சொன்னேன். அவன் ரோல்ஸைக் கடித்தபடி இருந்தவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"உங்கட டீமின்ர மட்ச்சும் புக்கியில போட்டிருக்கு," என்றான்.

"நீ ஏன் அங்க போனனீ?"

"உள்ளுக்குப் போகேல்ல. வியாழக்கிழமை அடிக்கிற தாளை வாசல்லயே ஒட்டுவாங்கள். போற வழியில கண்ணில பட்டது. அதில போடுற விலை சனிக்கிழமை வரைக்கும் மாறாது."

விலை என்றால் என்ன என்று கேட்டேன். தோற்கும் என்று எல்லோரும் நினைக்கிற அணியின் மேல் பணம் கட்டி அது வென்றுவிட்டால், கட்டியதைப்போல மூன்று மடங்கோ நான்கு மடங்கோ தருவார்கள். எங்கள் அணி அந்தக் கிழமை வெல்லும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விரல் வீங்கிய கதை கொழும்பில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் வெள்ளவத்தையில் ஒரே மேசையில் இருந்தோம்.

நான் எழுந்து போய்க் கைப்பையிலிருந்து ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பணம் வேண்டியிருக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்மையாகிறதா என்று பார்க்கும் ஆசை. அவ்வளவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"நான் அங்க போறதில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே," என்றான் தம்பி. தாளைத் தொடவில்லை.

"உனக்காக இல்லை. எனக்காகப் போ. நான் பொம்பிளை அங்க போய் நிக்கேலுமே?"

அவன் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. 'வேண்டாம் என்று சொல்லு' என்று கேட்கிற பார்வை அது. நான் சொல்லவில்லை. வெள்ளவத்தையிலும் ஒரு புக்கி இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்தில் ஒரு துண்டோடு திரும்பி வந்தான். வந்தவனின் முகம் சிவந்திருந்தது.

அன்றைக்கு எங்கள் அணி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. எங்கள் கம்பத்துக்குள் ஒவ்வொரு கோல் போகும்போதும் அவனும் நானும் கைகளைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். நான் சன்னலில் நின்று பார்த்த, நான் காலுறை மடித்துக் கொடுத்த பிள்ளைகள் தோற்பதற்காகக் குதித்தோம். அது எனக்கு உறைத்தது. ஆனால் என் தம்பி அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. அம்மா இறந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல்லு என்றால் அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் இதில் கொடுமையான விஷயம்.

அதன் பிறகு நான் என் சிநேகிதியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் அவளாகச் சொல்லுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது, "ஒன்பதாம் நம்பரின் தொடை எப்படி, பாவம் பிள்ளை" என்று எழுதுவேன். "வலப்பக்கம் விளையாடுகிறவன் இன்னும் மனைவியோடு கோபமா, சாப்பிடுகிறானா" என்று எழுதுவேன். அவள் என்னுடைய அக்கறையைப் பார்த்து நெகிழ்ந்துபோய் இன்னும் விரிவாகச் சொன்னாள். அவளுக்கு நுவரெலியாத் தேயிலைப் பொதி ஒன்று தபாலில் அனுப்பினேன். அனுப்பும்போது இது சிநேகத்துக்கா, செய்திக்கா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தபால் கந்தோரில் வரிசை நீளமாக இருந்தது. அந்த யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் நாங்கள் அதிகம் வென்றோம். சில கிழமை ஒன்றும் கட்டவில்லை, ஏனென்றால் அவள் செய்தியில் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அது ஒரு ஒழுங்கு மாதிரித் தோன்றியது: தெரிந்தால் கட்டு, தெரியாவிட்டால் சும்மா இரு. சூதாட்டம் என்ற சொல்லை நான் என் வாயால் சொன்னதில்லை. தம்பிக்கு அந்த ஒழுங்கு என்னுடைய வீட்டு வாசலோடு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் நான் கேள்விப்பட்டே இராத நான்கு ஊர்களின் பெயர்களைச் சொல்லி, அங்கெல்லாம் அன்றைக்கு மழையா என்று கைபேசியில் பார்க்கச் சொன்னான். இன்னொரு நாள் ரோல்ஸ் இல்லாமல் வந்தான். தை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வரவேயில்லை. யார்டில் வேலை கூட என்றான். நான் தனியாக வர்ணனை கேட்டேன், வேலைதான் என்று நம்பினேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மச்சாள் புதுக்கடையில் என் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. படியேறி வந்த களைப்போடு, குடையை மடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ஏழு வருஷம் மச்சாள்," என்றாள். "ஏழு வருஷமா நான் அவற்ற சேட் பொக்கெட்டைப் பார்க்காமத்தான் தோய்ச்சனான். பார்த்தா அவரை நம்பேல்லை எண்டு ஆயிடும் எண்டு பார்க்கிறேல்லை. போன கிழமை பார்த்தன்."

கைப்பையைத் திறந்து ஒரு பிடி துண்டுகளை என் மேசையில் வைத்தாள். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காணி உறுதியின் மேல் அவை விழுந்தன. பாதிக்கு மேல் குதிரைத் துண்டுகள்.

"எப்பிடித் திரும்பத் தொடங்கினது எண்டு எனக்கு விளங்கேல்லை. கேட்டா வாய் திறக்கிறார் இல்லை. உங்கட சொல்லை அவர் கேப்பார். நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வசனம். நான் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் உண்மைகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி, இது சரி என்று கையெழுத்து வைக்கிறவள். ஆனால் மச்சாளிடம், "நான் கதைக்கிறன். நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்," என்றாள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் போனதும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு த்ரீவீலர் பிடித்தேன். கொட்டாஞ்சேனைக்கு. அந்தப் புக்கியிலிருந்து அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வருவது என்றுதான் போனேன். இதை நம்புங்கள்.

வாசலில் நின்ற காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மொகத நோனா?" என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டான்.

"மல்லிவ பலன்ன ஆவே," என்றேன். தம்பியைப் பார்க்க வந்தேன் என்று சொன்னதும் கதவைத் தள்ளிப் பிடித்தான்.

உள்ளே முப்பது நாற்பது ஆண்கள். மின்விசிறிகள் சுழன்றும் வியர்வையும் சிகரெட் வாசனையும் போகவில்லை. எல்லோரும் மேலே தொங்கிய திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முதலில் அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், பக்கத்தில் நின்றவரின் தோளில் தட்டிச் சொன்னான்:

"இதுதான் எங்கட அக்கா."

நாலைந்து பேர் திரும்பினார்கள். தாடி நரைத்த ஒரு முஸ்லிம் பெரியவர் தன் கதிரையை விட்டு எழுந்து அதை என் பக்கமாக நகர்த்தினார்.

"வாங்க தங்கச்சி, இரிங்க. ஒங்களப் பத்தித்தான் தம்பி எந்நாளும் பேசுற. கோல்கீப்பர்ட வெரலு கத, அது நீங்க சொன்னதா?"

அந்தக் கடையில் என்னை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெள்ளவத்தை அக்கா. இங்கிலாந்தில் ஆள் வைத்திருக்கிற அக்கா. என் தம்பி எத்தனை மாதமாக என் பெயரில் அங்கே மரியாதை வாங்கிக்கொண்டிருந்தானோ தெரியாது. சட்டைப் பொத்தான் திறந்து, முகம் சவரம் செய்யாமல், அவன் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இண்டைக்கு என்ன?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் உட்கார்ந்தேன். அதுதான் உண்மை. வந்த காரியம் மறக்கவில்லை. மச்சாளின் கை இன்னும் என் கையில் இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் ஒரு அறை நிறைய ஆண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. முந்தின நாள் செய்தி என்னிடம் இருந்தது. ஒன்பதாம் நம்பர் கிழமை முழுவதும் பயிற்சிக்கு வரவில்லை, அவன் உடுப்பு ஒன்றுகூடக் கூடைக்கு வரவில்லை, என்ன என்று யாரும் சொல்கிறார்களில்லை என்று என் சிநேகிதி சொல்லியிருந்தாள். தொடையாகத்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

"ஒன்பதாம் நம்பர் விளையாட மாட்டான்," என்றேன்.

அவ்வளவுதான். ஆட்கள் கவுண்டருக்கு நகர்ந்தார்கள். தம்பியும் போனான். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தது ஒரு தாளல்ல, ரப்பர் பட்டி போட்ட கட்டு. எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன்.

"போதும். வா வீட்டை."

"இண்டையோட சரி அக்கா. எல்லாம் சரியாயிடும். நீங்கள் போங்கோ."

அவன் கையை விடுவித்துக்கொண்டான். பெரியவர் எனக்குத் தேத்தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். நான் குடிக்காமல் வெளியே வந்தேன்.

எட்டரைக்கு வர்ணனை தொடங்கியபோது அறிவிப்பாளர் முதலில் சொன்ன பெயரே ஒன்பதாம் நம்பருடையது. அவன் விளையாடினான். பதினோராம் நிமிடத்தில் ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. இரண்டாவதைப் போட்டுவிட்டுப் பார்வையாளர் பக்கம் ஓடிப்போய், இரண்டு கைகளையும் மடித்துக் குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டிக் காட்டுகிறான் என்று அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். புதன்கிழமை அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குறித்த நாள் கடந்தும் பிறக்காமல் இருந்த பிள்ளை. அதனால்தான் கிழமை முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான்.

ஐந்து மாதம் முன்னால் என்றால் நான் அந்த வீட்டில் தனியாகக் கை தட்டியிருப்பேன். அன்றைக்கு ஒரு குழந்தை பிறந்ததற்காக உட்கார்ந்து அழுதேன். வர்ணனை முடிவதற்கு முன் சிநேகிதியின் செய்தி வந்தது. "பெண் குழந்தை, லவ்! எவ்வளவு சந்தோஷம்!" தம்பிக்கு எடுத்த அழைப்புகள் எல்லாம் அடித்து அடித்து நின்றன.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிறு காலை மச்சாள் அழைத்து, "அங்கயோ நிக்கிறார்?" என்றாள். இல்லை என்றதும் வைத்துவிட்டாள். எனக்கு ஒரு இடம்தான் தோன்றியது. ஒருகொடவத்தைக்குப் போனேன். யார்டில் விடுமுறை நாளின் அமைதி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்களுக்கு நடுவே நாய்கள் படுத்திருந்தன. பழைய கன்டெய்னர் ஒன்றை வெட்டிச் சன்னல் வைத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். தம்பி அதற்குள் நாற்காலியில் செருப்பில்லாமல் இருந்தான். காவலாளி அவனுக்குப் பாணும் பருப்பும் வாங்கி வைத்திருந்தார். தொடாமல் இருந்தது.

"சீட்டுக் காசு அக்கா," என்றான், நான் கேட்காமலே. "அவள் எங்கட தெருச் சனத்தோட பிடிக்கிற சீட்டு. இந்த மாசம் எங்கட வீட்டில இருந்தது."

நான் அவன் பக்கத்தில் நின்றேன். உட்கார வேறு கதிரை இருக்கவில்லை. ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்பதால், "நீ ஏன் என்னட்டை முதல்ல சொல்லேல்லை?" என்றேன்.

"என்னெண்டு சொல்ல? நீங்கள் நல்லா இருந்தனீங்கள். சனிக்கிழமை வந்தா நீங்கள் சிரிச்சுக்கொண்டு கதவைத் திறப்பீங்கள். மாமா செத்த பிறகு நான் உங்களை அப்பிடிப் பார்க்கேல்லை."

என் கணவரை அவன் எப்போதும் மாமா என்றுதான் சொல்லுவான். ஒருவர் சிரிப்பதைப் பார்க்க மற்றவர் என்று இருவரும் நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் எனக்குத் தெரியவந்தது.

அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மச்சாள் கதவைத் திறந்து, அவனை உள்ளே விட்டு, என்னைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள். நான் நிற்கவில்லை. சீட்டுப் பணத்தை அடுத்த நாளே என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நடந்ததில் சுலபமாகத் தீர்ந்தது அது மட்டும்தான்.

மச்சாளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் பங்குனி நடுவில் ஒரு பின்னேரம் போனேன். தம்பி வீட்டில் இல்லை. அவள் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே தொடங்கினேன்: சிநேகிதியின் செய்தி, ஆயிரம் ரூபாய், நான் சொன்ன வார்த்தைகள், கொட்டாஞ்சேனைக் கடையில் நான் உட்கார்ந்தது. அவள் கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு மூன்று இறாலை உரித்துச் சட்டியில் போட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையே அவர் எல்லாத்தையும் சொன்னவர். நீங்கள் எப்ப வந்து சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

நான் வாசலை விட்டு உள்ளே வந்தேன்.

"உங்கட ஒஃபிசில வந்து உங்கட கையைப் பிடிச்சனான் மச்சாள். அதை நினைக்கேக்கதான் எனக்கு ஏலாமக் கிடக்கு. சூது அவற்ற வியாதி, அது எனக்குத் தெரிஞ்ச வியாதி. இது..."

அவள் முடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, இனிமேல் அவன் வெள்ளவத்தைக்கு வரமாட்டான், நான் பார்க்க விரும்பினால் இங்கே வரலாம், அவள் வீட்டில் இருக்கும்போது மட்டும் வரலாம் என்றாள். சரி என்றேன்.

மற்றவளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய வெள்ளிக்கிழமைச் செய்திகளுக்கு நான் பதில் போடாமல் விட்டிருந்தேன். சுகமில்லையா, மகள் நலமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரலில் சொல்லப் பார்த்தேன், மூன்று தடவை அழித்தேன். பிறகு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உள்ளே நடப்பதை வெளியே சொல்லி யாராவது பந்தயம் கட்டினால் தன் வேலை போய்விடும், அந்த வேலையை விட்டால் தனக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள். "நீ அந்தச் சன்னலை நினைத்து ஏங்குகிறாய் என்று நினைத்துத்தான் நான் எல்லாம் சொன்னேன்." அந்தச் செய்தியில் லவ் என்ற சொல் இல்லை. பதிலுக்கு நான் எழுதிய மன்னிப்பு அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா, போகுமுன்பே கைபேசியில் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டாளா என்று தெரியாது. மகளிடம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. மகளுக்கு இன்றுவரை இந்தக் கதை தெரியாது.

தம்பி இப்போது யார்டில் இல்லை. அங்கே லொறிச் சாரதிகளிடமும் கைமாற்று வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து, அவனாகவே விலகிவிட்டான். கிராண்ட்பாஸில் ஒரு இரும்புக் கடையில் நிற்கிறான். செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் இவனைப் போன்ற ஏழெட்டுப் பேர் கூடிக் கதைக்கிறார்கள். மச்சாள் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒருமுறை வழுக்கிப்போய்ப் பந்தயம் கட்டினான். அதை அவனே வந்து அவளிடம் சொன்னானாம். அவள் அதை எனக்குச் சொன்ன விதத்தில், அப்படிச் சொன்னதுதான் முக்கியம் என்பது தெரிந்தது. யாருக்காகச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய்ச் சாப்பிடுகிறேன். மச்சாள் எனக்குக் கறி போடுவாள், சுகம் விசாரிப்பாள். என் பக்கத்தில் உட்கார மாட்டாள்.

போன மாதம் சாப்பிட்டு முடிந்து கிளம்பும்போது அவள், "பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுங்கோ," என்று அவனிடம் சொன்னாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் தனியாக நடந்தோம். அவன் வழக்கமான வழியால் போகாமல், தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தெருவால் என்னைக் கூட்டிப் போனான். வெயில் கொளுத்தியது. பஸ் தரிப்பில் நிழல் இருக்கவில்லை. நான் எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்ததை எடுக்க வாய் திறந்தேன்.

"தம்பி, நான்..."

"வேண்டாம் அக்கா," என்றான். வீதியைப் பார்த்தபடி சொன்னான், குரலில் கோபம் இருக்கவில்லை. "நீங்கள் மன்னிப்புக் கேட்டா நான் பரவாயில்லை எண்டு சொல்லவேணும். கேட்டவுடனே அதைத்தானே சொல்லுறது. எனக்கு இன்னும் பரவாயில்லை இல்லை. அதால இப்ப கேக்காதேங்கோ."

"சரி," என்றேன்.

பஸ் வரும்வரை அவன் போகாமல் என்னோடு வெயிலில் நின்றான்.